சம்மட்டி பூட்டிய கியர் பாக்ஸ்

அவனைத் தெருவில் எல்லோரும் சம்மட்டி என்றுதான் சொல்வார்கள், முதுகுக்குப் பின்னால் மட்டும். முகத்துக்கு நேராகச் சொன்ன ஒருவனுக்கு இன்றைக்கும் முன்பல் கிடையாது. கதவு இறுகினால் உதை, டிவி மங்கினால் அதன் மண்டையில் ஒரு குத்து, தண்ணீர் வராவிட்டால் குழாய்க்கு அறை. குழாய்க்கே இந்த மரியாதை என்றால் மனுஷனுக்கு என்ன கிடைக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். தொழில் லாரி ஓட்டுவது. லாரி அப்பா விட்டுப் போனது, அதில் பாதி தம்பிக்கு.

அந்தத் தம்பியை வளர்த்ததே சம்மட்டிதான். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபோது தம்பி அரை டவுசர் போட்டுக்கொண்டு திரிந்தான். சோறு ஊட்டியதும் இவன், சாப்பிடமாட்டேன் என்றால் அறைந்ததும் இவன். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டால் "நில்லுடா, நில்லுடா!" என்று தெருத் தெருவாகத் துரத்திப் பிடித்து முதுகைப் பழுக்கவைப்பான். ஒருமுறை தம்பிக்குக் காய்ச்சல் கொதித்தபோது தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். டாக்டர் வரத் தாமதமானதற்கு வாட்ச்மேனை அடித்தான். பாசம் இல்லாதவன் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அந்தப் பாசம் கை வழியாகத்தான் வெளியே வரும், அதுதான் கோளாறு. மீசை முளைத்து ஸ்டியரிங் பிடித்தபிறகு தம்பியும் திருப்பி அடிக்கக் கற்றுக்கொண்டான்.

லாரியின் கியர் பாக்ஸ் கெட்டது இந்த இரண்டு பேரால்தான். மூன்றாவது கியர் போட்டால் நிற்காமல் துள்ளி வெளியே வந்தது, உள்ளே எதையோ அரைப்பதுபோல் சத்தம். நீ கிளட்சை மிதிக்காமல் போடுகிறாய் என்று இவன், நீ லீவரை உடைப்பதுபோல் இழுக்கிறாய் என்று அவன். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயே கட்டிப்புரண்டார்கள். விலக்கிவிட வந்த மெக்கானிக்கின் மூக்கு உடைந்தது. அதன்பிறகு ஊரில் எந்த ஒர்க்‌ஷாப்பும் இவர்களுக்குக் கதவைத் திறக்கவில்லை.

"எவன் தயவும் வேணாம். நானே பிரிச்சு நானே பூட்டுறேன்" என்றான் சம்மட்டி. அதுவரை அவன் கியர் பாக்ஸின் வயிற்றுக்குள் எட்டிப் பார்த்தது கூடக் கிடையாது.

வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் லாரியைக் கட்டைமேல் ஏற்றி நிறுத்தினார்கள். செயின் பிளாக் சங்கிலியில் தொங்கவிட்டு இறக்கும்போது கியர் பாக்ஸ் ஒரு வெட்டு வெட்டி, தம்பியின் விரலை நசுக்கியது. தம்பி இவனை உதைத்தான், இவன் அவனை அறைந்தான், பிறகு இருவரும் சேர்ந்து அதைத் தரையில் வைத்தார்கள். மூடியைக் கழற்றியதும் கறுத்த எண்ணெயில் இரும்புத் தூள் மினுங்கியது. பழைய பேரிங் தண்டோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. சம்மட்டிக்கு முகமே மலர்ந்துபோனது. அடித்தால்தான் ஆகும் என்கிற ஒரு சாமானை அவன் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தான். அடித்தான். சில்லு தெறித்து நெற்றியைக் கிழித்தது. வழிந்த ரத்தத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு மறுபடி அடித்தான், பேரிங் கழன்று விழும்வரை.

பூட்டுகிற வேலைக்கு அந்தக் கை உதவாது. புதுப் பேரிங்கின் குட்டிக் குட்டி உருளைகளைத் தம்பி கிரீஸில் ஒட்டவைத்து ஒவ்வொன்றாக அடுக்கினான். சம்மட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்டை இறக்கினான். ஒன்றும் உதிரவில்லை. "பரவால்லடா" என்றான். அவன் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வந்ததாக யாருக்கும் நினைவில்லை.

கடைசியாக மேல்மூடி. அதில் மூன்று எஃகுக் கம்பிகள், லீவரை ஆட்டினால் அவைதான் முன்னும் பின்னும் நகர்ந்து கியரை மாற்றும். நடுக்கம்பியை உருவித் துடைத்துக்கொண்டிருந்தான் சம்மட்டி. தம்பிக்கு அப்போதா நாக்கு அரிக்கவேண்டும்?

"அப்பா இந்த வண்டிய புள்ள மாதிரி வச்சிருந்தாரு. நீதான் அடிச்சு அடிச்சே கொன்னுட்ட. எல்லாத்தையும் அப்படித்தான் பண்ணுவ."

கையிலிருந்த கம்பி பறந்தது. தம்பி குனியாமல் இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். சுவரில் பட்டுக் காரை பெயர்ந்தது. தம்பி ஸ்பானரோடு பாய்ந்தான், இவன் விலாவில் அது இறங்கியது. கழிவு எண்ணெயில் இருவரும் உருண்டார்கள். சம்மட்டி அவன் சட்டைப்பையிலிருந்து செல்போனைப் பிடுங்கித் தரையில் அடித்து நொறுக்கினான். தம்பி இவன் தோளைக் கடித்துக் குதறினான். சம்மட்டியின் மனைவி ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து இருவர் மேலும் வீசிக் கொட்டினாள்.

"ரெண்டு பேரும் செத்துத் தொலைங்க. நான் நிம்மதியா இருப்பேன்."

அதன்பிறகு பேச்சில்லை. "அந்தக் கம்பிய எடுக்கச் சொல்லு", "போல்ட்டு எங்கன்னு கேளுங்க அண்ணி" என்று எல்லாம் அவள் வழியாகத்தான் போனது. கம்பியை எடுத்துத் துடைத்துச் சொருகி, மூடியை இறுக்கி, கியர் பாக்ஸை ஏற்றினார்கள். சோதித்தபோது எல்லாக் கியரும் வெண்ணெயாக விழுந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே இருவரும் சந்தோஷப்பட்டார்கள். மறுநாள் காலையில் தம்பி சிமெண்ட் மூட்டை ஏற்றிக்கொண்டு, அண்ணியிடம் மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

அவன் போனபிறகு கொட்டகையைப் பெருக்கிய மனைவி, காரை பெயர்ந்த சுவரடியிலிருந்து எதையோ எடுத்துவந்தாள். வழவழப்பான ஒரு சின்ன இரும்புத் துண்டு.

"என்னங்க, இது வண்டியோடதா பாருங்க."

சம்மட்டிக்குத் தெரியவில்லை. படம் எடுத்து, மூக்கு உடைந்த மெக்கானிக்குக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டான். போனில் அடிக்க முடியாது என்கிற தைரியத்தில் அவர் எடுத்தார்.

"யோவ், நடுக்கம்பிக்குள்ள இருக்கிற பின்னுய்யா இது. ஒரு கியர் விழுந்திருக்கிறப்ப இன்னொண்ணு விழாம தடுக்கிறதே இதுதான். மெதுவா ஓட்டுனா தெரியாது. அவசரத்துல லீவரப் பிடுங்கினா ரெண்டும் சேர்ந்து கடிச்சுக்கும். வீல் பூட்டிக்கும், கிளட்ச மிதிச்சாலும் விடாது."

சம்மட்டி பின்னைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தான்.

"யோவ், வண்டி எங்கய்யா இப்ப?"

கம்பியை எறிந்தது யார் என்று அவனுக்குத் தெரியும். கூப்பிட்டுச் சொல்ல முடியாமல் செல்போனை நொறுக்கியது யார் என்றும் தெரியும். பின்னைக் கைக்குள் பொத்திக்கொண்டு பைக்கை உதைத்துக் கிளப்பினான். "கத்தாதீங்க, பொறுமையா சொல்லுங்க!" என்று மனைவி பின்னாலேயே ஓடிவந்து சொன்னது அவன் காதில் விழவில்லை.

ஆற்றுப்பாலத்துக்கு இறங்கும் சரிவில் லாரியைப் பிடித்தான். லாரி பதவிசாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் போய், பின்னைப் பொத்திய கையைத் தூக்கி ஆட்டினான்.

"நில்லுடா! டேய், நில்லுடா!"

பக்கக் கண்ணாடியில் தம்பியின் கண்கள் ஒரு கணம் தெரிந்தன. சம்மட்டிக்கு நன்றாகப் பழக்கமான கண்கள், பள்ளிக்கூடச் சந்தில் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடிய கண்கள். லாரி உறுமியது. ஐயோ, ஓடுகிறானே என்று நினைத்தான். கையை இறக்கிவிட்டுப் பின்தங்கிவிடலாமா என்றும் நினைத்தான். ஆனால் ஒருவனை வேறெப்படி நிறுத்துவது என்று அவனுக்குத் தெரியாது. இன்னும் பலமாகக் கத்தினான்.

தம்பி அடுத்த கியருக்கு லீவரைப் பிடுங்கினான்.

டமார் என்று இரும்பு உடைகிற சத்தம். பின்சக்கரங்கள் அப்படியே நின்று ரோட்டைத் தேய்த்துக்கொண்டு போயின. வண்டி பக்கவாட்டில் திரும்பி, பாலத்துச் சுவரில் கேபினைக் கொண்டுபோய் அறைந்தது. மூட்டைகள் வெடித்து எங்கும் சாம்பல் நிறப் புழுதி.

சம்மட்டி பைக்கைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். கதவு உள்ளே மடங்கிக் கிடந்தது. உதைத்தான், குத்தினான், பெயர்ந்த தகரத்தில் உள்ளங்கை கிழிந்தது. யாரோ நீட்டிய கடப்பாரையை வாங்கி நெம்பி, கதவைப் பிய்த்து எறிந்தான். தம்பியின் கால்கள் ஸ்டியரிங்குக்கு அடியில் நசுங்கியிருந்தன. முகமெல்லாம் ரத்தமும் சிமெண்ட்டும். உயிர் இருந்தது. சம்மட்டி கடப்பாரையைப் போட்டுவிட்டு, அவனைத் தூக்க உள்ளே கையை நீட்டினான்.

தம்பி கண்ணைத் திறந்தான். அண்ணனின் கை தன்னை நோக்கி வருவதைப் பார்த்தான். உடைந்துபோகாமல் மிச்சமிருந்த ஒரு கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டான்.

"அடிக்க வரலடா" என்றான் சம்மட்டி. "அடிக்க வரலடா கண்ணா. கைய எடுடா."

தம்பி கையை எடுக்கவில்லை.