இரண்டு வாசலிலும் வேண்டியவள்

வண்டிப்பெரியாருக்கு மேலே எங்கள் தேயிலை எஸ்டேட்டில் முருகேஸ்வரியும் நானும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடு. கொழுந்து பறிப்பதும் ஒரே மலையில். அவள் படுகிற பாடு எனக்குத் தெரிந்த அளவுக்கு அவள் புருஷன் சுருளிவேலுக்கே தெரியாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மழைக்காலத்தில் அவள் மகள் ஆர்த்திக்கு மூளைக்காய்ச்சல். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்த முருகேஸ்வரி, இங்கே எல்லாரும் செய்வதைத்தான் செய்தாள். மஞ்சள் துணியில் காசு முடிந்து, மூன்றாம் வருஷத் திருவிழாவில் பிள்ளையோடு வந்து தன் கையாலேயே உண்டியலில் போடுவதாக மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். அதே கையோடு சர்ச்சுக்குப் போய் சிஸ்டர் அனஸ்தாசியாவின் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றினாள். எங்கள் லயங்களில் பிரசவம் பார்த்து இங்கேயே கண்ணை மூடிய மகராசி அந்த சிஸ்டர். பிள்ளைக்கு ஒன்று என்றால் இங்கே யார்தான் ஒரு வாசலோடு நிற்கிறார்கள்? மறுநாள் ஆர்த்தி கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டாள். எப்படிப் பிழைத்தாள் என்று டாக்டர்களுக்கே விளங்கவில்லை.

அங்கேதான் வந்தது வினை. சிஸ்டருக்கு அருளாளர் பட்டம், அதாவது புனிதர் ஆவதற்கு முந்தின படி, கொடுக்க, அவர் கடவுளிடம் பரிந்துபேசி நடந்த அற்புதம் ஒன்று வேண்டுமாம். ஆஸ்பத்திரியில் முருகேஸ்வரிக்குத் துணையாகத் தரையில் படுத்துக்கிடந்த செலின் அக்கா, ஓடிப்போய் ஃபாதரிடம் சொல்லிவிட்டாள். பிஷப் விசாரணைக்கு ஆள் அனுப்பினார். சிஸ்டரிடம் வேண்டித்தான் பிள்ளை பிழைத்தது என்று முருகேஸ்வரி சத்தியம் செய்து சொல்ல வேண்டும். வேறு யாரிடமாவது வேண்டியிருந்தால் அது சிஸ்டரின் கணக்கில் சேராது.

"அம்மனை மட்டும் சொல்லாத முருகேசு, உன்னக் கையெடுத்துக் கும்புடுறேன்" என்று செலின் அக்கா அழுதாள். சுருளிவேலும் அதையேதான் சொன்னான்.

கொழுந்துக்கு நடுவில் நின்று முருகேஸ்வரி என்னிடம் கேட்டாள்: "அம்மன மறைச்சா அவ சும்மா விடுவாளாக்கா? சிஸ்டர விட்டாலும் பாவம். யாரு கோவிச்சுக்கிட்டாலும் எம்புள்ள தலையிலதான வந்து விடியும்?"

எனக்கு வந்ததே ஆத்திரம்! பிழைத்து வந்த பிள்ளையைக் கொஞ்சக்கூட விடாமல் இதென்ன கொடுமை?

விசாரணை அறைக்குள் என்னை விடவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்றேன், எல்லாம் கேட்டது. வந்திருந்த ஃபாதர் தன்மையானவர்தான்.

"யாருகிட்ட பிரார்த்திச்சது, முருகேஸ்வரி?"

"ரெண்டு பேருகிட்டயும்தான் ஃபாதர்."

"பிள்ளையைக் குணமாக்கினது யாரு?"

"அது எனக்கெப்படித் தெரியும்? நான் கூப்புட்டேன். யாரு வந்தாங்கன்னு பாக்கலையே. ஒருத்தர மட்டும் சொல்லுன்னா வாய் வரமாட்டேங்குது ஃபாதர்."

அதற்கப்புறம் அவர் எழுதவில்லை; அற்புதம் கணக்கில் சேரவில்லை. செலின் அக்கா அன்றோடு பேச்சை நிறுத்தினாள். முருகேஸ்வரி கல்லறைப் பக்கம் போனாலும் எழுந்து போய்விடுகிறாள்.

சரி, தொல்லை ஒழிந்தது என்று பார்த்தால், கோயில் தலைவர் பாண்டித்துரை மாலையும் கையுமாக வந்து நிற்கிறார்.

"சர்ச்சுக்குள்ளயே நம்ம அம்மன் பேரச் சொல்லிட்டியே தாயி! திருவிழா மேடையில ஏறி, அம்மன்தான் காப்பாத்துனான்னு ஒரு வார்த்த சொல்லிரு."

"சிஸ்டரையும் சேத்துச் சொல்லலாமாண்ணே?"

மனுஷன் முகம் கறுத்துவிட்டது. "அப்ப நீ கோயில் பக்கமே வராத" என்று மாலையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். அந்த மாலையைப் பிடுங்கி அவர் கழுத்திலேயே போட்டு அனுப்பியிருக்க வேண்டும், எனக்குத் தோன்றாமல் போய்விட்டது.

இன்றைக்கு அந்த மூன்றாம் வருஷத் திருவிழா. மைக் செட் லயம் அதிர அலறுகிறது. ஆர்த்தி புதுப் பாவாடை கட்டிக்கொண்டு, "அம்மா, ராட்டினம் வந்திருக்கு, வாம்மா" என்று குதிக்கிறாள். முருகேஸ்வரி மஞ்சள் துணி முடிச்சை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"குடுடி, நான் போய்ப் போட்டுட்டு வர்றேன்" என்றேன்.

"எங்கையால போடுறேன்னுல்ல நேந்தேன்" என்றாள். ஆர்த்தி அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். "நல்லாருக்கிற புள்ளையக் கூட்டிக்கிட்டு நான் எங்கிட்டுக்கா போவேன்?"