விலகாத கை

இது நடந்து நான்கு வருடங்களாகின்றன. திருகோணமலை நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் பிரசவ அறையில், பங்குனி மாத வெயில் யன்னலால் கட்டில்வரை வந்து விழுந்திருந்த ஒரு முற்பகல். எனக்கு அது மூன்றாவது பிள்ளை. முதல் இரண்டையும் வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். மூன்றாவதையாவது தானாகப் பெற்றுவிட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன்.

வீரத்தில் வந்த பிடிவாதம் என்று நினைத்துவிடாதீர்கள். வெறும் களைப்புத்தான். சாம்பல்தீவில் எங்கள் வீடு. கணவர் விடியமுன்னர் கடலுக்குப் போய்விடுவார். வீட்டில் ஐந்து வயதில் ஒன்று, மூன்று வயதில் ஒன்று. இரண்டாவது சிசேரியனுக்குப் பிறகு தையல் போட்ட இடம் சீழ் பிடித்து, ஒன்றரை மாதம் ஒரு வாளி தண்ணீர் தூக்க முடியாமல் கிடந்தேன். மூத்தவன் தூக்கச் சொல்லிக் கையை நீட்டும்போதெல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். இன்னொரு தரம் அப்படிக் கிடக்க எனக்குத் தெம்பு இருக்கவில்லை.

போதாக்குறைக்குக் கணவரின் அக்கா, என் மச்சாள். "நான் நாலையும் பெத்துப்போட்டு மற்றக் கிழமையே கருவாடு காயப்போட்டனான். உமக்கென்ன, நோகாமல் பெத்தனீர்" என்பார். வயிற்றைக் கிழித்துத் தைத்தவளைப் பார்த்து நோகாமல் பெற்றாய் என்றால் எப்படி இருக்கும்? ஆனாலும் நான் சிரித்து வைப்பேன்.

எங்கள் வீட்டில் ஊறிப்போன பழக்கம் அது. கடலுக்குப் போகிற ஆளை வாடின முகத்தோடு வழியனுப்பக் கூடாது. தலையிடியோ காய்ச்சலோ, தேத்தண்ணியைக் கையில் கொடுத்துச் சிரித்துக்கொண்டு நிற்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அப்படியே நின்று பழகியதில், உள்ளே என்ன நடந்தாலும் முகத்தைச் சீராக வைத்திருப்பதில் நான் பெரிய கெட்டிக்காரி ஆகிவிட்டேன்.

மருத்துவர் முதலில் சம்மதிக்கவே இல்லை. "ரெண்டு தரம் வெட்டின கர்ப்பப்பை. நோவு வரேக்க பழைய தையல் விட்டுதெண்டால் உங்களுக்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து" என்றார். ஒவ்வொரு கிளினிக்கிலும் நான் விடாமல் கேட்டேன். கடைசியில் இரண்டு நிபந்தனைகளோடு இறங்கி வந்தார். நோவு தானாக வர வேண்டும். நோவு விட்ட இடைவெளியிலும் தையல் இடத்தில் வலி நின்றால், அந்த நிமிடமே சொல்ல வேண்டும். இரண்டுக்கும் ஓம் என்று தலையாட்டினேன்.

நோவு தானாகவே வந்தது. காலையில் பிள்ளைகளுக்குப் புட்டு அவித்துக்கொண்டிருந்தேன். மச்சாளைக் கூப்பிட்டுப் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு ஓட்டோவில் ஏறியபோது, நம்பமாட்டீர்கள், சந்தோஷமாக இருந்தது.

வயிற்றில் பட்டி கட்டி, குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கிற இயந்திரத்தைப் பூட்டினார்கள். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் தாதி வந்து ஒரே கேள்வியைக் கேட்பார்: "நோவு விட்ட பிறகும் வெட்டின இடத்தில நோகுதோ?" முதலில் இல்லை என்று சொன்னது உண்மை. பத்து மணிக்குப் பிறகு பழைய தழும்புக்கு நேரே ஓர் எரிவு தொடங்கியது. நோவு வந்து போன பிறகும் அது போகவில்லை. ஆனால் அதற்குள் தாதி, "பாதி வழி வந்தாச்சு" என்று சொல்லிவிட்டார். ஓம் என்று சொன்னால் நேரே சத்திரசிகிச்சைக் கூடம், திரும்பவும் அந்த ஒன்றரை மாதம். இன்னும் கொஞ்சம் பல்லைக் கடித்தால் முடிந்துவிடும் என்று நினைத்தேன். "இல்லை மிஸ்" என்றேன். அடுத்த தரமும் அதையே சொன்னேன்.

பக்கத்துக் கட்டிலில் கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் பெண். என்னைவிட மூத்தவர், அவருக்கு நாலாவது பிள்ளை. தன் நோவுக்கு நடுவிலும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன புள்ள, கடுமையா நோகுதா?" என்று கேட்டார். அவருக்கும் சிரித்துக் காட்டினேன்.

அடுத்த தரம் தாதி வந்து கேட்டு, நான் இல்லை என்று சொல்லி, அவர் திரும்பி நடக்கும்போது அந்தப் பெண் கூப்பிட்டார். "மிஸ், அந்தப் புள்ள பொய் சொல்லுது. நோவு விட்டா கையும் விட்டுரும். அவட கை எவ்வளவு நேரமா அந்த இடத்த விட்டு அசையல்ல, பாருங்க."

குனிந்து பார்த்தேன். என் வலது கை தழும்பை இறுகப் பொத்திக்கொண்டிருந்தது. வைத்தது எனக்கே தெரியாது. வந்த கோபத்தில், "நீங்கள் உங்கட அலுவலைப் பாருங்கோ!" என்று சீறினேன். அவருக்கு அடுத்த நோவு வந்துவிட்டது.

தாதி என் கையை விலக்கி மெல்ல அழுத்தினார். அலறிவிட்டேன். அதே நேரத்தில், அதுவரை ஓடிக்கொண்டிருந்த குழந்தையின் இதயத்துடிப்பு இயந்திரத்தில் தளரத் தொடங்கியது. பிறகு எல்லாரும் ஓடினார்கள். பட்ட நோவும் பட்டு, வெட்டும் வாங்கப் போகிறேனே என்று தள்ளுவண்டியில் அழுதேன். கூடத்துக் கதவு திறந்தபோதுதான் பிள்ளை செத்துவிடுமோ என்ற பயம் வந்தது. அவ்வளவு பிந்தி வந்ததை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

கண் விழித்தபோது பெண் பிள்ளை என்றார்கள். அழுததாம், பால் தேடுகிறதாம். பின்னேரம் மருத்துவர் வந்தார். "தையல் விடத் துவங்கியிட்டுது. அந்த இடம் கடதாசி மாதிரி மெலிஞ்சு, கர்ப்பப்பையை வெட்ட முதலே பிள்ளையின்ட தலைமயிர் தெரிஞ்சது" என்றார். அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். "நான் உங்கட சொல்லை நம்பித்தானே விட்டனான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் கிண்ணியாப் பெண் வீட்டுக்குப் போகப் புறப்பட்டு, கைப்பிள்ளையோடு என் கட்டிலருகே வந்தார். எந்த முகத்தோடு பேசுவது? நித்திரை போலக் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் என் மகளைக் குனிந்து பார்த்து ஏதோ ஓதினார். போகுமுன் என் கையை ஒருதரம் தொட்டார். கண்ணைத் திறக்க எனக்குத் துணிவில்லை. ஆனால் கை அவர் விரல்களைப் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போனார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஏலாதெண்டு ஒரு சொல்லு சொல்லியிருக்கலாமே" என்றார். அந்த மாதம் முழுக்க அவர் கடலுக்குப் போகவில்லை. மச்சாள் வந்து சமைத்தார். கருவாட்டுக் கதையை மட்டும் பிறகு எடுக்கவில்லை. இப்போதும் விடியமுன்னர் எழும்பித் தேத்தண்ணி கொடுக்கிறேன். களைப்போ என்று அவர் கேட்டால், "ஓம், சரியான களைப்பு" என்கிறேன். அதற்காக வள்ளம் ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை.

மகளுக்குத் தலைமயிர் அடர்த்தி. காலையில் சிக்கெடுக்கும்போது, நோகுதோ என்று கேட்பேன். "ஓம், நோகுது!" என்று தெருவுக்கே கேட்கக் கத்துவாள். வீட்டில் எல்லாரும் அவளை அதட்டுவார்கள், நான் அதட்டுவதில்லை. அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் விட்டதில்தான் நான் அவளை இழக்க இருந்தேன்.