பிறந்த குழந்தைக்கு நாலு மாசம்

திரையில் கதாநாயகி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தூணில் சாய்ந்ததும், ஞானம்பாள் கையிலிருக்கிற முறுக்கைக் காகிதத்தில் மடித்து வைத்துவிடுவாள். விரல்களைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொள்வாள். சினிமாக் கொட்டகையில் குவித்துப் போட்ட மணலின்மேல் சற்று நிமிர்ந்து உட்காருவாள். வேலையில் இறங்கிவிட்டாள் என்று அர்த்தம்.

"நிக்க வெச்சே பேசிக்கினு இருக்கான் பாரு. படுக்க வைய்யேண்டா!" என்பாள் கதாநாயகனிடம். அவன் ஒருவழியாகப் படுக்க வைப்பான். "மல்லாக்கப் போடாதே. ஒருக்களிச்சுப் போடு." அது அவன் காதில் விழாது. கதவு சாத்தப்படும். வெளியே காற்றடிக்கும், விளக்கு ஆடும், கதாநாயகன் கையைப் பிசைந்துகொண்டு குறுக்கும் நெடுக்கும் நடப்பான். உள்ளே குழந்தை அழும் சத்தம். கதவைத் திறந்துகொண்டு ஒரு தாதி துணிச்சுருளோடு வருவாள். அந்தச் சுருளுக்குள்ளிருந்து கொழுகொழுவென்று ஒரு குழந்தை தலையைத் தூக்கி, எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கொட்டாவி விடும்.

"இதுக்கு நாலு மாசம்" என்பாள் ஞானம்பாள். "கழுத்து நின்னுடுச்சு. அடுத்த வாரம் குப்புற வுழும்."

பெண்கள் பக்கம் கொல்லென்று சிரிக்கும். இடுப்புயர மண்சுவருக்கு அந்தப் பக்கம், ஆண்கள் பகுதியில், அவள் புருஷன் சிங்காரவேலு துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொள்வார்.

செஞ்சியில் பிரசவம் பார்க்கிறவள் ஞானம்பாள். வயது நாற்பத்தெட்டு. கெட்டிக் கண்ணாடி, வெள்ளைப் புடவை, எந்தத் தெருவில் நடந்தாலும் பின்னால் "நர்சம்மா, நர்சம்மா" என்று யாராவது கூப்பிடும் குரல். பஜாரில் இன்றைக்கு அரை டவுசர் மாட்டிக்கொண்டு கோலி அடிக்கிற பயல்களில் பாதிப் பேர் தலைகீழாகத் தொங்கி முதலில் பார்த்தது அவள் முகத்தைத்தான். யாரையும் அவளுக்குப் பெயரால் அடையாளம் தெரியாது. "நீ கொடி சுத்திப் பொறந்தவன் இல்ல?" என்பாள். தாலுகா ஆபீசில் உட்கார்ந்திருக்கும் ஒரு குமாஸ்தாவை நாலு பேர் எதிரில் அப்படிக் கேட்டதில், அந்த மனிதர் அன்று முழுக்க ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

இத்தனைக்கும் சினிமாவில் வேறு எந்தப் பொய்யும் அவளுக்கு உறுத்தாது. கோட்டை நிற்கிற ராஜகிரி மலைமேல் ஏறி இறங்குவதற்குள் ஒரு ஆளுக்கு நாக்கு தள்ளிவிடும் என்பது செஞ்சியில் பிறந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. படத்தில் ராஜகுமாரன் ஒரே தாவில் கோட்டைச் சுவர்மேல் நிற்பான். ஞானம்பாள் கைதட்டுவாள். மழையில் நனையும் கதாநாயகிக்கு மை கலையாது, ஒரே பாட்டில் நாலு புடவை மாறும். அதுவும் சரி. சிங்காரவேலு ரெவின்யூ ஆபீசில் பியூன். வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது அவர் மெள்ள, "கலெக்டர் கையெழுத்து போட்டாரே, சீலே குத்தல கவனிச்சியா?" என்று ஆரம்பித்தால், "சும்மா வாய்யா. படம் பார்க்க வந்தியா, தப்பு கண்டுபிடிக்க வந்தியா?" என்று அதட்டிவிடுவாள்.

அவளோடு எப்போதும் படத்துக்கு வருகிறவள் தர்மவதி. மணிலாக்கொட்டை வியாபாரியின் மனைவி, மேல்சித்தாமூரில் பிறந்து செஞ்சிக்கு வாழ்க்கைப்பட்டவள். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்து, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மடித்த கைக்குட்டை இரண்டோடு கிளம்புவாள். ஒன்று இடைவேளைக்கு முன்னால், இன்னொன்று பின்னால். தர்மவதி படத்துக்குப் போவது அழுவதற்கு. வீட்டில் மாமனார், கொழுந்தன், கடை ஆட்கள், நாலு பிள்ளைகள். அழுவதற்கு அங்கே இடம் கிடையாது. மனதாரத் தேம்பி அழுதுவிட்டு வந்தால் ஒரு வாரம் நிம்மதியாக ஓடும். "அக்கா, இன்னிக்காவது என்னை அழுவ வுடு" என்று டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுக்கொள்வாள். "நான் இன்னா உன் வாயையா பொத்தினேன்? தாராளமா அழு" என்பாள் ஞானம்பாள். அப்புறம் கதாநாயகி தூணில் சாய்வாள்.

கொட்டகை முதலாளி வெங்கடரமணனுக்கு இது பெரிய தலைவலியாகப் போய்விட்டது. அழுதுவிட்டுப் போகிற பெண்பிள்ளை மறுநாள் தங்கையை அழைத்துக்கொண்டு வருகிறாள். சிரித்துவிட்டுப் போகிறவள் வருவதில்லை. ஒருநாள் காலையில் வெற்றிலைக் கவுளி ஒன்றோடு அவள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"நர்சம்மா, நாளைக்கு மாத்தற படம் ரொம்ப உருக்கமான படம். ஊரெல்லாம் அழுவுது. தாய் பிரசவத்துல செத்துப் போவுது. நீங்க தயவு பண்ணி..."

"எந்த மாசம்?"

"இன்னா எந்த மாசம்?"

"எந்த மாசத்துல செத்துப் போவுது?"

வெங்கடரமணன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் ஒரு உடன்படிக்கை ஏற்பட்டது. பிரசவக் காட்சி வரும்போது ஞானம்பாள் வாய் நிறைய வெற்றிலை போட்டுக்கொள்ள வேண்டியது. வாயைத் திறக்கக் கூடாது.

அவளை முழுசாக நம்பாமல், முதலாளி இன்னொரு காரியமும் செய்தார். மெஷின் ஓட்டுகிற பொன்னுசாமியைக் கூப்பிட்டு அந்தக் காட்சியையே கத்தரித்துவிடச் சொன்னார். பொன்னுசாமி கத்தரித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

மறுநாள் முதல் ஆட்டம். தர்மவதி முதல் கைக்குட்டையைப் பிரித்துத் தயாராக வைத்திருந்தாள். எட்டு நாளாக இந்தப் படத்துக்காகக் காத்திருந்தவள் அவள். கதாநாயகி தூணில் சாய்ந்தாள். ஞானம்பாள் இரண்டு கன்னமும் புடைக்க வெற்றிலையை அடக்கிக்கொண்டாள். பெண்கள் பக்கம் முழுக்கத் திரும்பி அவளையே பார்த்தது. திரையில் ஒரு வெட்டு வெட்டியது. அடுத்த நிமிஷம் ஏழு வயதுப் பையன் ஒருவன் சக்கரம் உருட்டிக்கொண்டு பாட்டுப் பாடினான்.

ஞானம்பாள் எழுந்தாள். மண்சுவரோரம் போய் வெற்றிலையைத் துப்பினாள்.

"புள்ள எங்கடா? இன்னும் பொறக்கவே இல்லியே, அதுக்குள்ள பாட்டுப் பாடறான்!"

அவ்வளவுதான். "புள்ளயப் போடு! புள்ளயப் போடு!" என்று பெண்கள் பக்கம் கத்த, ஆண்கள் பக்கம் விசிலடிக்க, படம் நின்றது. வெங்கடரமணன் ஓடிவந்து கும்பிட்டார். பொன்னுசாமி சட்டைப்பையிலிருந்து ஃபிலிம் துண்டை எடுத்து அவசர அவசரமாக ஒட்டினான். எங்கே ஒட்டுவது என்று யாரும் சொல்லாததால் இடைவேளைக்கு அப்புறம் ஒட்டினான். ஆகவே அந்தப் பையன் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகு பிறந்தான். அவனைப் பெற்றுவிட்டுத் தாய் கண்ணை மூடினாள். கொட்டகையே உருண்டு உருண்டு சிரித்தது. ஞானம்பாளுக்குச் சிரித்துச் சிரித்து விலாவில் பிடித்துக்கொண்டது.

தர்மவதி மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு கைக்குட்டையும் மடிப்புக் கலையாமல் கையில் இருந்தன.

"அந்தம்மா செத்துது, எனக்குத் தெரியவே இல்ல அக்கா" என்றாள், வெளியே வந்ததும்.

"அடி போடி. அவ எங்க செத்தா? வயிறு ஏறி எறங்குது, நான் பார்த்தேன். மூச்சு விட்டுக்கினுதான் படுத்திருந்தா."

"நாலு பெத்தவ நான். எனக்கு நீ சொல்லித்தான் தெரியணுமா?" தர்மவதி இப்படிச் சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. "நான் அழுவறதுக்குக் காசு குடுத்தேன். நீ சிரிக்கணும்னா உன் வீட்ல உக்காந்து சிரி."

அதற்கப்புறம் அவள் கொட்டகைப் பக்கமே வரவில்லை. மூன்று படம் மாறிற்று. ஞானம்பாள் தனியாகப் போனாள். மேல்மலையனூர் அமாவாசைக்கு ஊரே பஸ் ஏறிப் போய்விட, காலியாகக் கிடந்த மணலில் ஒற்றையாக உட்கார்ந்து பார்த்தாள். குழந்தை பிறந்தது. ஐந்து மாதக் குழந்தை. சொல்லிச் சிரிப்பதற்குப் பக்கத்தில் ஆள் இல்லை. முறுக்கு நமுத்திருந்தது. பாதியில் எழுந்து வந்துவிட்டாள். "இன்னா, படம் நல்லா இல்லியா?" என்று கேட்ட சிங்காரவேலு கையில் மீதி முறுக்கைத் திணித்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் வெங்கடரமணன் வீட்டிலிருந்து ஆள் ஓடிவந்தது. தலைப்பிரசவத்துக்குத் திண்டிவனத்திலிருந்து வந்திருந்த மகள் ஜெயத்துக்கு வலி கண்டுவிட்டது. ஞானம்பாள் பையைத் தூக்கிக்கொண்டு போனாள். அடுத்த வீட்டுக்காரியான தர்மவதி ஏற்கெனவே அங்கே இருந்தாள். இரண்டு பேரும் முகத்தைப் பார்த்துக்கொள்ளவில்லை.

வீட்டு வாசலிலிருந்து சமையலறை வரைக்கும் ஆவி. நாலு அடுப்பில் நாலு அண்டா கொதித்துக்கொண்டிருந்தது.

"இது இன்னா மொதலாளி?"

"வெந்நி, நர்சம்மா. பிரசவம்னா வெந்நி வேணுமே. எல்லாப் படத்துலயும் கேக்கறாங்களே."

"ரெண்டு சொம்பு போதும். மீதிய வெச்சு நெல்லு அவியுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

வெங்கடரமணன் கையைப் பிசைந்துகொண்டு கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். அவருக்கு வேறு மாதிரி காத்திருக்கத் தெரியாது. பதினொரு மணிக்குக் குழந்தை அழுதது. கால் மணி கழித்துக் கதவு திறந்தது. ஞானம்பாள் வெளியே வந்தாள். அண்டா ஆவியில் கண்ணாடி முழுக்கப் படிந்து எதிரே எதுவும் தெரியவில்லை. வாசற்படியிலேயே நின்று, கண்ணாடியைக் கழற்றி, தலையைக் குனிந்து, புடவைத் தலைப்பால் மெள்ளத் துடைத்தாள்.

கொட்டகையில் எத்தனையோ டாக்டர்கள் அறையை விட்டு வெளியே வந்து கண்ணாடியைக் கழற்றியதை வெங்கடரமணன் பார்த்திருக்கிறார். அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு.

"ஐயோ, என் கண்ணே! போயிட்டியா!" என்று தரையில் சரிந்து மார்பில் அடித்துக்கொண்டார். அவர் மனைவி அலறினாள். தெருவில் நின்றவர்களும் உள்ளே வந்து சேர்ந்துகொண்டார்கள். தர்மவதி வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு விம்மினாள்.

"யாரு போனா? எங்க போனா?" என்று ஞானம்பாள் கண்ணாடியைத் தேய்த்தபடி திகைத்து நிற்க, அறைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"நைனா! எதுக்கு அழுவறே? எனக்கு ஒரு வாய் காப்பி குடுக்கச் சொல்லு!"

அழுத கூட்டம் அப்படியே சிரிக்கத் தொடங்கியது. தர்மவதி மட்டும் நிறுத்தவில்லை. நன்றாகக் கால் நீட்டி உட்கார்ந்து, மூன்று படத்துக்கும் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் அழுதாள். ஞானம்பாள் அவள் பக்கத்தில் போய் நின்றாள். அழுது முடிக்கிற வரைக்கும் நின்றாள். தர்மவதி மூக்கைச் சிந்திக்கொண்டு, "புள்ளயக் கொண்டா அக்கா" என்றாள்.

ஆண் குழந்தை. துணியில் சுற்றி வெளியே எடுத்து வந்தார்கள். வெங்கடரமணன் ஆசையாகக் குனிந்து பார்த்தார். செக்கச் செவேலென்ற தோலில் சுருக்கம். கண் இரண்டும் வீங்கி இடுங்கியிருந்தன. தலை ஒரு பக்கம் நீண்டு சுரைக்காய் மாதிரி இருந்தது. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சப்பட்டை.

"இன்னா நர்சம்மா, இப்படி இருக்குது?"

"எப்படி இருக்குது?"

"இல்ல... எத்தினி புள்ள பொறந்து பார்த்திருக்கேன் கொட்டகைல. இந்த மாதிரி ஒண்ணு கூடப் பார்த்ததில்லியே" என்றார் அவர், நிஜமான கவலையோடு.

தர்மவதி நிமிர்ந்து ஞானம்பாளைப் பார்த்தாள். கூடத்தில் இருந்த பெண்கள் எல்லாருமே பார்த்தார்கள். இப்படி ஒரு வாய்ப்புக்காக எத்தனை வருஷம் அவள் மணலில் உட்கார்ந்திருந்திருப்பாள்! ஞானம்பாள் வாயைத் திறந்தாள்.

"புள்ள நல்லாத்தான இருக்குது நர்சம்மா?" என்று உள்ளேயிருந்து ஜெயம் கேட்டாள். இந்த முறை குரல் சின்னதாக வந்தது.

"ராஜா மாதிரி இருக்கான்டி" என்றாள் ஞானம்பாள்.

பிறகு குழந்தையை வாங்கி மடியில் கிடத்திக்கொண்டாள். கிண்ணத்து விளக்கெண்ணெயில் விரலைத் தொட்டு, அந்தச் சப்பை மூக்கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, நோகாமல், மேலே மேலே நீவிவிட ஆரம்பித்தாள்.