வளைகோட்டுக்குள் வராத கிணறு

சித்திரைக்குள் ஆராய்ச்சியை முடித்துவிட்டு வந்துவிடுவேன் என்று மகளிடம் சொல்லியிருந்தேன். அவளுக்கு நான்கு வயது. சிவகங்கையில் என் அம்மாவிடம் இருந்தாள். நான் காரைக்குடியில், ஜன்னல் திறக்க முடியாத ஒரு கணினி அறையில் இருந்தேன்.

சுற்று வட்டாரத்தில் தேவகோட்டை வரைக்கும் அறுபது சொச்சம் போர்வெல்களில் தண்ணீர் பிடித்து, கூடினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு எவ்வளவு என்று அளந்திருந்தேன். அளக்காத இடங்களில் எவ்வளவு இருக்கும் என்று கணித்து வரைபடம் போட வேண்டும். அதற்குத்தான் வேரியோகிராம். பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளில் அளவு ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். தள்ளிப் போகப் போக வித்தியாசம் கூடும். எவ்வளவு தூரத்துக்கு எவ்வளவு கூடுகிறது என்று புள்ளிகள் வைத்து, அவற்றின் ஊடே ஒரு வளைகோட்டைப் பொருத்துவோம். அந்தக் கோடுதான் மாடல்.

என் கோடு பொருந்தவில்லை. மூன்று மாடல்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். பிறகு ஒவ்வொரு கிணறாக மறைத்து, மற்றவற்றை வைத்து அதன் அளவைக் கணித்து, அளந்ததோடு ஒப்பிட்டேன். எல்லாம் ஓரளவு ஒத்துப்போயின. மானகிரியில் ஒரு கிணறு மட்டும் கணிப்பைவிடப் பல மடங்கு மேலே நின்றது.

"அத எடுத்துரும்மா. பாட்டில் மாறியிருக்கும்" என்றார் என் கைடு.

எடுத்தேன். கோடு புள்ளிகளின் மேல் அழகாகப் படிந்தது. வரைபடத்தில் மானகிரி முழுக்கப் பச்சை; குடிக்கலாம் என்று அர்த்தம். ஆனால் அந்தக் கிணற்றுக்குச் சொந்தக்காரரான, அந்தத் தண்ணீரையே குடிக்கிற அக்காவை எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பாட்டிலோடு பஸ் ஏறினேன். அக்கா கத்தரிச் செடிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்.

"போன தடவ பிடிச்சுட்டுப் போனீக, ஒண்ணுஞ் சொல்லலையே. குடிக்கலாமா?"

ஆய்வேடு முடியும்வரை முடிவை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது கைடின் கட்டளை. "இன்னும் பாக்கணும்க்கா. போரு எத்தன அடி?"

"மொத முந்நூறு. வத்திப்போச்சு. பாறையத் தொளச்சு எழுநூறுக்கு எறக்குனோம். அங்குட்டு இருக்குறதெல்லாம் பழைய ஆழந்தான்."

மறுபடி அளந்தேன். அதே அளவு. பாட்டில் மாறவில்லை, அது வேறு ஆழத்துத் தண்ணீர்.

கைடிடம் சொன்னபோது கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மத்த கிணத்துக்கெல்லாம் ஆழம் கேட்டியா?"

"இல்ல சார்."

"கேக்கப் போனா இன்னொரு வருஷம். இதை எடுத்துட்டா அடுத்த மாசமே சமர்ப்பிச்சுரலாம். நீயே சொல்லு."

கெட்டவர் இல்லை. என் மகளைப் பற்றி அவருக்கும் தெரியும். இரண்டு நாள் அந்த அறையில், அந்தக் கிணற்றைச் சேர்த்தும் சேர்க்காமலும் போட்ட இரண்டு வரைபடங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் போனில் வந்தால் அம்மாவிடமே கொடுக்கச் சொன்னேன்.

மூன்றாம் நாள் மானகிரிக்குப் போய், "குடிக்கவும் சமைக்கவும் வேணாங்க்கா. பஞ்சாயத்துக் குழாயில பிடிச்சுக்கங்க" என்றேன்.

அவர் முகம் மாறியது. "தையில பிடிச்சுட்டுப் போனீக. இம்புட்டு நாளும் புள்ளைகளோட இதத்தானே குடிச்சோம்? அப்பயே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

அவர் மோட்டாரை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

சொல்லிவிட்டதைக் கைடிடம் ஒப்புக்கொண்டேன். என் நோட்டில் அந்தக் கிணற்றின் இரண்டு அளவுகளையும் பார்த்தவர், "போ, ஆழம் கேட்டுட்டு வா" என்றார்.

எல்லாக் கிணறுகளுக்கும் மறுபடி அலைந்தேன். மகளைப் பள்ளியில் சேர்க்க அம்மாதான் கூட்டிப் போனாள். ஆழமான போர்வெல்கள் ஏழுதான் கிடைத்தன. ஏழு புள்ளிகளை வைத்துக் கோடு போட முடியாது. ஆகவே, இந்த வரைபடம் ஆழம் குறைந்த கிணறுகளுக்கு மட்டும், ஆழமானவற்றைப் பற்றி இதை வைத்துச் சொல்ல முடியாது என்று எழுதினேன். அந்த வரியைப் படித்துவிட்டுக் கைடு கையெழுத்துப் போட்டார்.

ஆய்வேடு இப்போது தேர்வாளரிடம் இருக்கிறது. வாய்மொழித் தேர்வுக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது. தினமும் காலையில் அறைக்குப் போய் மெயிலைத் திறந்து பார்க்கிறேன். அடுத்த மாணவர்கள் தண்ணீர் பிடிக்க எடுத்துப் போகும் பாட்டில்களில், கிணற்றின் ஆழத்தையும் எழுதச் சொல்லி, சீட்டு ஒட்டிக் கொடுக்கிறேன்.