எட்டு மணி மாத்திரை

என் கணவர் கொச்சியில் மட்டாஞ்சேரிக்கும் கலூருக்கும் முப்பது வருடம் தனியார் பேருந்து ஓட்டியவர். பார்கின்சன் நோய் வந்த பிறகும், காலை எட்டு மணி மாத்திரையைப் போட்டுக்கொண்டால் தானே நடந்துபோய்ச் சாயா குடித்து, கடைக்காரரோடு அரசியல் சண்டையும் போட்டுவிட்டு வருவார். போடாவிட்டால் மரக்கட்டைதான். சிலருக்குக் கை நடுங்கும். இவருக்கு அது கிடையாது, உடம்பு இறுகிப்போகும்.

போன வருடம், இந்த நோய்க்குப் புது மருந்து தேடும் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட எர்ணாகுளத்தில் ஒரு விழா. மேடையில் உட்கார நோயாளி ஒருவர் வேண்டுமாம். விழாவை நடத்திய பெண் எனக்கு ஃபோன் செய்தாள்.

"சேச்சி, அன்னைக்கு மட்டும் காலம்பற குளிகை வேண்டா. ப்ரோகிராம் கழிஞ்சு கொடுத்தா போதும். கை நடுங்கறதைப் பாத்தாத்தானே பைசா தருவாங்க?"

"மாத்திரை போடாட்டியும் அவருக்கு நடுக்கமே கெடையாதும்மா."

"குளிகையை நிறுத்தினா தானா வரும் சேச்சி."

எட்டு வருடமாக அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிறவள் நான். எனக்கே பாடம் எடுக்கிறாள்! ஃபோனை வைத்துவிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர்தான் கேட்கவில்லை.

"ஒரு நாள்தானேடி. மருந்து வந்தா நமக்குத்தானே நல்லது? போலாம்."

போனோம். இரண்டு பேர் அவரைத் தூக்கி மேடை நாற்காலியில் வைத்தார்கள். கைகள் மடியில் கிடந்தன, ஒரு விரல்கூட ஆடவில்லை. கண் மட்டும் என்னைத் தேடியது. பணம் தர வந்திருந்த ஒருவர் முன்வரிசையில் என் காதுபடவே கேட்டார்: "இவருக்கு எந்தா அசுகம்? சுகமா இருக்காரே!"

பொன்னாடை போர்த்தினார்கள். புகைப்படக்காரர் சிரிக்கச் சொன்னார். இறுகிய முகம் எப்படிச் சிரிக்கும்? "சேட்டன் பெரிய கௌரவத்திலே இருக்கார், சிரிக்க மாட்டார்" என்று அந்தப் பெண் மைக்கில் கிண்டல் செய்தாள். அரங்கமே சிரித்தது.

ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும், எனக்குத் தெரியாதா? அந்த மருந்துக்காகக் கும்பிடாத சாமி இல்லை. அதற்கு ஒரு மனிதனை மருந்தில்லாமல் உட்காரவைத்து வேடிக்கை காட்டத்தான் வேண்டுமா? நோய் என்னவென்று தெரியாதவர்கள் எதற்காக நிதி திரட்டுகிறார்கள்? அப்போதே மைக்கைப் பிடுங்கி இதைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மேடையேறி மாத்திரையை அவர் வாயில் போட்டுச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டேன். அதையும் யாரோ படம் எடுத்தார்கள். அவளை மட்டும் திட்டி என்ன? காலையிலிருந்து மாத்திரை என் கைப்பையில்தானே இருந்தது. அந்த வெட்கங்கெட்ட கைப்பையை இன்றும் தொடப் பிடிக்கவில்லை.

கூட்டம் கலைந்து, நாற்காலிகளை அடுக்கத் தொடங்கிய பிறகுதான் அவருக்கு நாக்கு புரண்டது. தலைவலியா, பசியா என்று குனிந்து கேட்டேன்.

"ஆட்டணும்னுதான் பாத்தேன்டி. கை வரல. அந்தப் பொண்ணுகிட்ட மன்னிச்சுக்கச் சொல்லு."