மாரில் கட்டிய துணி

எனக்கு எழுபத்திரண்டு வயது. வளர்த்தது ஆறு பிள்ளைகள். ஆறும் என் பாலைக் குடித்துத்தான் வளர்ந்தன. ஒன்றுக்கும் புட்டிப்பால் வாங்கியதில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனாலும் பிள்ளை வளர்ப்பில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம் என்றிருந்தேன்.

என் கடைசி மகனின் மனைவி ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறாள். பிள்ளைக்கு ஐந்து மாதம் ஆனபோது சீசன் வந்துவிட்டது, கம்பெனி வேனில் ஏறிவிட்டாள். சாயந்திரம் வந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, சேலை மாற்றிய பிறகே பிள்ளையைத் தொடுவாள். அது அவளாக வைத்துக்கொண்ட வழக்கம்.

போன மாதம் ஒருநாள் பிள்ளை மாரில் வாய் வைத்ததும் வீறிட்டது. இழுத்துப் பார்க்கும், விட்டுவிட்டு அழும். எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பால் ஊற சுறாப்புட்டு செய்து கொடுத்தேன், பூண்டு வதக்கிக் கொடுத்தேன். கண்பட்டிருக்குமோ என்று உப்பும் வற்றலும் சுற்றி அடுப்பில் போட்டேன். வாசலுக்கும் தொட்டிலுக்குமாக நடந்தேன். எதற்கும் அழுகை நிற்கவில்லை. அந்த வாரம் வெள்ளிக்கிழமை வேனிலிருந்து இறங்கும்போதே மருமகளுக்கு உடம்பு நடுங்கியது. தொட்டால் கொதித்தது.

சேலை மாற்றும்போது பார்த்தேன். இடது மார் கல்லாய் இறுகிச் சிவந்திருந்தது. குறுக்கே துணி அழுத்திய தடம்.

"இது என்ன தாயி, கயித்தப் போட்டுக் கட்டுன மாதிரி?"

"மருந்து ரூம்ல இருக்கேம்ல அத்தை. பாலு கசிஞ்சு ரவிக்கை நனைஞ்சிருது. ஈரம் பட்டா மருந்து சூடேறிரும்லா? அதான் பழைய சேலையக் கிழிச்சு இறுக்கிக் கட்டிட்டுப் போறேன்."

"எம்புட்டு நாளா?"

"வேலைக்குப் போன நாள்லேருந்து."

வெடிமருந்தில் ஈரம் விழுந்தால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். அவளைத் திட்டி என்ன செய்ய?

பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "மல்லியப்பூ வச்சுக் கட்டுங்க மதினி, வலி விட்டுரும்."

"பால் வத்துறதுக்குல்லடி மல்லியப்பூ கட்டுவாக! உம் பேச்சக் கேட்டா எம் பேத்தி பட்டினிதான் கெடக்கணும். போயி ஒன் உலையப் பாரு."

காலையில் வேன் ஹாரன் அடித்தது. வரவில்லை என்று கையாட்டிவிட்டு, இருவரையும் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போனேன். பால் கட்டிக் காய்ச்சல் வந்திருக்கிறது என்று டாக்டர் மாத்திரை எழுதினார். நர்ஸம்மா, பிள்ளையை அந்த மாரிலேயே விடச் சொன்னாள்.

"காய்ச்சக்காரி பாலு பிள்ளைக்கு ஆகுமா? ஆறு வளத்தவ நான்."

"ஆறையும் மாரைக் கட்டிக்கிட்டா வளத்தீக பாட்டி?" என்றாள் அவள். "பால் கெடல. உள்ளேயே தேங்குனாத்தான் கெடுதல். பிள்ளைக்கு அடிக்கடி குடுங்க. வேலைக்குப் போனா நடுவுல கையால பீச்சி எடுத்துரணும். கட்டு மட்டும் இனிமே கூடாது."

கட்டாமல் மருந்து ரூமுக்கு எப்படிப் போவாள்? அதுதான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. எந்தக் கம்பெனி வாசலிலும் ஒன்று கேட்டு நின்றவளில்லை நான். அன்றைக்குப் போய் நின்றேன்.

"சீசன் நேரத்துல ஆள மாத்தச் சொல்லுதீகளே பாட்டி" என்றான் போர்மேன். "மருந்து ரூமுக்கு வேற ஆளுக்கு நான் எங்கன போக?"

"ஏலே, பால் குடுக்குறவ நெஞ்சு நனையாம இருக்குமா? ஒன் ஆத்தாளக் கேட்டுப் பாரு. ஈரத்தோட உள்ள விட்டா அவ மட்டுமா எரிவா?"

அவன் சிரிக்கவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு, பட்டாசைப் பாக்கெட் போடும் ஷெட்டுக்கு மாற்றுகிறேன் என்றான்.

காய்ச்சல் விட்டது. பிள்ளை இப்போது சத்தம் வரக் குடிக்கிறது. ஆனால் நேற்று மருமகள் வந்து ஒன்று சொன்னாள். அதே வேனில் வரும் இன்னும் இரண்டு பெண்கள் மாரைக் கட்டிக்கொண்டுதான் மருந்து ரூமுக்குப் போகிறார்களாம். அதற்காகத்தான் எழுத்துக்கூட்டி இதை எழுதினேன். வேனில் அவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

மூத்தவன் மகள் பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கிறாள்.

"ஏத்தா, சடைய அப்புறம் போடு. வேன் வரப்போகுது. இத மொதல்லேருந்து வாசி, சரியா இருக்கான்னு கேக்கேன். சத்தமா வாசி."