படகின் அடிப்பக்கத்து நிறம்

பெயின்ட் கவுண்டரில் நிற்பவளுக்கு முதலில் வேண்டியது பொறுமை, அடுத்து நல்ல வெளிச்சம். எங்கள் மலையகத்துத் தலவாக்கலையில் இரண்டாவது கிடைப்பது அரிது. நீங்களும் பெயின்ட் விற்பவரானால், சுவரில் காய்ந்ததும் நிறம் மாறிவிட்டதென்று பாதி டின்னைத் திருப்பிக் கொண்டுவரும் வாடிக்கையாளர் உங்களுக்கும் இருந்திருப்பார். எனக்கு செல்வராசு அண்ணன் இருந்தார். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து பெக்டரியில் மெஷின் பழுது பார்க்கும் பிட்டர். கடலில் கால் நனைத்திராதவர். ஒரு சின்னப் படகு செய்து அதற்கு நிறம் பூசப் போய், எங்கள் கடையையே அதில் ஏற்றிவிட்டார்.

கூரைச் சிவப்பு

படகு பலகையில் செய்தது. நிஜத்தில் ஓர் அடி என்றால் இதில் ஓர் அங்குலம். நிஜப் படகு கடற்கரை ஊரான நீர்கொழும்பில் இருந்தது. அவருடைய மகள் சுதாவின் கணவனுடையது. கார்மென்ட்ஸ் வேலைக்குப் போன இடத்தில் அவள் ஒரு மீன்பிடிக்காரரை விரும்பிக் கட்டிக்கொண்டாள். சர்ச்சில் நடந்த கல்யாணத்துக்கு அண்ணன் போகவில்லை. மாப்பிள்ளையோடு இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது இருவரும் முதல்முறையாகப் பொங்கலுக்கு வருகிறார்கள். அவர்கள் வாசலில் ஏறும்போது அந்தப் படகு அலமாரி மேல் இருக்க வேண்டும் என்பதுதான் அண்ணனின் திட்டம். வாயால் சொல்ல வேண்டியதை அது சொல்லிவிடும் என்று நம்பினார்.

மரத்துக்கு வெள்ளை பிரைமர் அடிக்கச் சொன்னேன். கேட்கவில்லை. எங்கள் பக்கம் பிரைமர் என்றால் தோட்டத்து லய வீடுகளின் கூரைத் தகரத்துக்கு அடிக்கும் சிவப்புதான். கூரைக்கு அடித்த மிச்சம் வீட்டில் இருந்தது. அதன் மேல் வெள்ளை எனாமல் அடித்துக் கொண்டுவந்தார். சிவப்பு மேலே கசிந்து, படகு ரோஜா நிறத்தில் இருந்தது. கூட வந்த அவர் மனைவி கமலா அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெள்ளப் படகுன்னு சொன்னாரு தங்கச்சி. வளகாப்புக்கு செஞ்ச மாதிரியில்ல இருக்கு."

போனில் இருந்த நீலம்

சுரண்டி, வெள்ளை பிரைமர் அடித்து, வெள்ளையும் ஏறிய பிறகு பக்கவாட்டு நீலப் பட்டைக்கு வந்தோம். படகின் படங்கள் கமலா அக்காவின் போனில் மட்டுமே இருந்தன. சுதா தாய்க்குத்தான் அனுப்புவாள். படம் பார்க்க என்று கேட்கக் கூச்சப்பட்டு, மழை வருமா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லி அந்தப் போனை வாங்கிக்கொண்டு அண்ணன் பஸ் ஏறுவார். கலர் அட்டையைப் போனோடு சேர்த்துப் பிடிப்போம். கடை விளக்கில் ஒரு நீலம். வாசலுக்குப் போனால் மூடுபனியில் எல்லா நீலமும் சாம்பல். திரை வெளிச்சத்தைக் கூட்டினால் இன்னொன்று. மகளிடமே கேட்கலாமே என்றேன். "கேட்டா அவன்கிட்ட சொல்லிருவா" என்றார்.

ஒரு படத்தில் சுதா படகருகே நின்றாள். அவள் போட்டிருந்த நீலச் சட்டை, தாய்க்கும் மகளுக்கும் ஒரே துணியில் தைத்தது. மறுமுறை அண்ணன் கமலா அக்காவின் சட்டையைப் பையில் சுருட்டிக்கொண்டு வந்தார். படத்தில் சட்டையைவிடப் படகின் நீலம் ஒரு படி அடர்த்தி. அதை வைத்து நீலத்தைப் பிடித்துவிட்டோம். பிறகு கமலா அக்கா என்னிடம் சொன்னார்: "மழை பாக்கப் போறவருக்கு என் சட்டை எதுக்குன்னு கேட்டேன். நனையுமான்னு பாக்கவாம்."

மாடியில் ஒரு படகு

எங்கள் குளிரில் எனாமல் லேசில் காயாது. தொட்டால் விரல் ரேகை விழும். அண்ணன் படகை பெக்டரிக்குக் கொண்டுபோய், கொழுந்து வாட்டும் மாடியில், சூடான காற்று வரும் மூலையில் மறைத்து வைத்தார். பக்கத்தில் எந்த வாசம் இருந்தாலும் தேயிலை இழுத்துக்கொள்ளும் என்பது தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவருக்குத் தெரியாமலா? பொங்கல் அவசரம் கண்ணை மறைத்துவிட்டது. நல்லவேளையாக, கொழுந்து கொட்டுவதற்கு முன்பே பெக்டரிப் பொறுப்பாளரான டீமேக்கர் மாடி ஏறினார். பிறகு எங்கள் கடைக்குப் பல்பு வாங்க வந்தபோது, பெயின்ட் விற்ற என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அண்ணனிடம் தான் சொன்னதை அப்படியே சொன்னார்: "செல்வராசு, கப்பல மொதல்ல கரையேத்து. பெயின்ட் வாசம் அடிக்கிற தேயிலைய நான் யாருக்குய்யா விப்பேன்?"

அடிப்பக்கம்

பொங்கலுக்கு முந்தின வாரம் அண்ணனும் கமலா அக்காவும் சேர்ந்து வந்தார்கள். படகு அழகாக இருந்தது, கவிழ்த்துப் பார்க்கும்வரை. அடிப்பக்கம் வெறும் பிரைமர். எல்லாப் படத்திலும் படகு தண்ணீரில் நின்றது. தண்ணீருக்குக் கீழே என்ன நிறம் என்று எந்தப் படமும் சொல்லவில்லை.

"அடிய யாரு பாக்கப் போறா? ஏதாவது ஒன்ன அடிச்சு விடுங்கண்ணே" என்றேன்.

"மருமகன் பாப்பாரு" என்றார்.

 கமலா அக்கா போனை எடுத்து நீர்கொழும்பு நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, கலர் அட்டையின் மேல் வைத்தார். "ஹலோ" என்றது ஆண் குரல். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஆணி டப்பாவைப் பார்த்தேன். அவர் குனிந்து, சுகம்கூட விசாரிக்காமல், "போட்டுக்கு அடியில என்ன கலரு?" என்று கேட்டார்.

 யார் பேசுவது என்பது மருமகனுக்குப் புரிந்திருக்க வேண்டும். பிறகு பதில் வந்தது: "அதுக்கு அடிச்ச பெயின்ட் வீட்ல மிச்சம் கெடக்கு மாமா. பொங்கலுக்கு வரக்குள்ள கொண்டாறேன், ரெண்டு பேருமா அடிப்போம்."

கடையில் இருந்த அத்தனை நீலத்தையும் காட்டி முடித்த பிறகு, அவர் தேடிய டின் நீர்கொழும்பில் கிடக்கிறது என்றால் ஒரு பெயின்ட் கடைக்காரி என்னதான் செய்ய முடியும்.